ஆறு ஒயர், ஆறு பேர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், எலெக்ட்ரானிக்ஸ் துறை 2011-ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "இந்தத் தடவை நீ பேசணும்ப்பா" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டேன். "நீதான் ஸ்பீக்கரை எரிச்ச ஆளாச்சே, அதையே பேசு" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. 2022-ல் இதே மண்டபத்தில், நம் சிக்னல்ஸ் ஸாருடைய பணி நிறைவு விழாவில் நடந்ததை இங்கே பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்பட்டதில் கொஞ்சம் மசாலா கூட உண்டு. தீப் பிடிக்கவில்லை. புகைகூட வரவில்லை. புகை வந்திருந்தால் பத்து நிமிஷம் முன்னாடியே கண்டுபிடித்திருப்பேன்.

தெரியாதவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். 2018-ல் எங்கள் அணி சேர்ந்து இந்த மண்டபத்துக்கு ஒலி அமைப்பு வாங்கித் தந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் நிற்கிறதே, அதுதான். பக்கத்துக்கு ஒரு 18 அங்குல பேஸ் பெட்டி, அதன் மேல் 12 அங்குல நடு ஸ்பீக்கர், அதற்கும் மேல் ஒரு ஹாரன். பழைய மைக் செட் கூம்பு இல்லை. பின்னால் டைட்டானியத்தில் மெல்லிசாய் ஒரு சவ்வு வைத்த டிரைவர் இருக்கும், அதைத்தான் ஹாரன் என்கிறேன். பேஸ் 120 ஹெர்ட்ஸ் வரை பாடும். அதற்கு மேல் 1500 வரை நடு ஸ்பீக்கர். 1500-க்கு மேலே எல்லாம் ஹாரன்.

இந்தப் பங்கீட்டைச் செய்கிற பொருளுக்குப் பெயர் கிராஸ்ஓவர். வீட்டில் இருக்கிற சாதாரண ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருகிற பவரை அந்த இடத்திலே பிரித்து, கனமானதை வூஃபருக்கும் மெல்லியதை ட்வீட்டருக்கும் அனுப்பும். அது பாஸிவ். ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடியே, சிக்னல் சின்னதாக இருக்கும்போதே பிரித்துவிடுவது. அப்புறம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர். நன்மை நிறைய. பெரிய காயில் வேண்டாம், ஒவ்வொன்றின் சத்தத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், ஒன்றைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம். 1976-ல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் என்ற பொறியாளர் தன் சகா ரஸ் ரைலியோடு யோசித்துக் கொடுத்த வடிகட்டியைத்தான் இன்றும் உலகமெல்லாம் போடுகிறார்கள். இரண்டு பட்டர்வொர்த் ஃபில்டரை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது, அவ்வளவுதான். நாலாவது ஆர்டராக எடுத்தால் ஆக்டேவுக்கு 24 டெசிபல் இறங்கும். சந்திக்கிற இடத்தில் இரண்டும் 6 டெசிபல் குறைந்து, ஒரே ஃபேஸில் கூடி, மொத்தம் சமமாகிவிடும். இதை நமக்கு ஐந்தாவது செமஸ்டரில் சிக்னல்ஸ் ஸார்தான் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். நான் அன்றைக்கு வகுப்பில் இருந்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாம்.

இப்போது இந்தப் பிரிக்கிற வேலையை கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. மிக்ஸரிலிருந்து இரண்டு லைன் உள்ளே போகிறது. ஆறு லைன் வெளியே வருகிறது. மென்பொருள் இலவசம். 2018-ல் நான் போட்டது விண்டோஸ் 7, அதில் ஈக்வலைசர் ஏபிஓ. வெளியே வர, மதர்போர்டிலேயே இருக்கிற சவுண்ட் கார்டு. பின்னால் பச்சை, ஆரஞ்சு, கறுப்பு, சாம்பல் என்று நாலு ஓட்டை இருக்கும் பாருங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு சானல், ஆக எட்டு. நமக்கு ஆறு போதும். தனியாக ஒரு எட்டு சானல் இன்டர்ஃபேஸ் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். காசு மிச்சம் என்று நான்தான் வேண்டாம் என்றேன். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கேதான் பேர் விஷயம் வருகிறது. தம்பி தங்கைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரணும்.

அந்த சவுண்ட் கார்டு நமக்காகச் செய்யப்பட்டதில்லை. வீட்டிலே சினிமா பார்க்கிறவருக்காகச் செய்தது. அதனால் அதன் ஓட்டைகளுக்கு ஏற்கெனவே பேர் வைத்துவிட்டார்கள். பச்சை என்றால் முன் இடது, முன் வலது. ஆரஞ்சு என்றால் நடு சென்டரும், எல்எஃப்இ என்கிற அதிர்வு சானலும். கறுப்பு என்றால் பின் இடது, பின் வலது. நமக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நமக்கு வேண்டியது பேஸ், நடு, ஹாரன். ஆனால் வேறு வழியில்லாமல் இன்னொருத்தர் வீட்டுப் பேர்ப்பலகையின் கீழே நாம் குடியிருக்கிறோம். பச்சையில் பேஸ், ஆரஞ்சில் நடு, கறுப்பில் ஹாரன் என்று வைத்தேன். ஏபிஓவில் இடதைக் கொண்டுபோய் சி-யில் போடு, வலதைக் கொண்டுபோய் சப்-பில் போடு, இடதை ஆர்எல்லில், வலதை ஆர்ஆரில் என்று எழுதினேன். ஆர்எல் என்றால் ரியர் லெஃப்ட். படிக்கிறவர் ரைட், லெஃப்ட் என்று நினைத்தால் போச்சு. நானே ஒரு தடவை நினைத்தேன்.

அது நாலு வருஷம் ஓடியது. ஒரே ஒரு குறை. மைக்கில் பேசுகிறவருக்குத் தன் குரல் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிக் கேட்கும். முன்னாள் முதல்வர் ஒருவர் பாதியில் நிறுத்தி, "யாரோ என்னைத் திருப்பிச் சொல்றாங்க" என்றார். அப்புறம் 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றது. அதற்குப் பிறகு தொற்றுக் காலம், மண்டபம் பூட்டியே கிடந்தது. 2022-ல் திறந்தபோது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. வேறு கம்ப்யூட்டர் வைத்து, லினக்ஸ் போட்டு, காமில்லா டிஎஸ்பி என்கிற மென்பொருளை ஏற்றினேன். நல்ல மென்பொருள், இப்போதும் அதுதான் ஓடுகிறது. தாமதமும் குறைந்தது. அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் அதிலே சானலுக்கு நான் எழுதியது எண். பூஜ்யத்திலிருந்து எண்ணும். பெட்டியின் முகப்பில் 1 என்று அச்சடித்திருந்தால் ஃபைலில் அது 0. இந்தப் பொறியில் நான் விழவில்லை, அதைப் பற்றிப் படித்திருந்தேன். நான் விழுந்தது அடுத்த பொறியில். பழைய ஃபைலில் பேராக இருந்ததை எண்ணாக மாற்றி எழுதினேன். 0, 1 பேஸ். 2, 3 நடு. 4, 5 ஹாரன். ஏனென்றால் விண்டோஸிலும் வேவ் ஃபைலிலும் வரிசை அதுதான்: முன் இடது, முன் வலது, சென்டர், எல்எஃப்இ, பின் இடது, பின் வலது. மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

லினக்ஸின் ஒலிப் பகுதியான ஆல்ஸாவில் வழக்கமான வரிசை வேறே. முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, அதற்கப்புறம்தான் சென்டர், எல்எஃப்இ. டால்பியின் ஏசி-3 ஓட்டத்தைப் பார்த்தால் இடது, சென்டர், வலது என்று ஆரம்பிக்கும். ஏஏசியில் சென்டர்தான் முதல். ஆறு பேர், ஒரே பெஞ்ச், ஆளாளுக்கு ஒரு வரிசையில் உட்கார வைக்கிறார்கள். மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டால் வேவ் ஃபைல் சென்டர் என்கிறது, ஆல்ஸா பின் இடது என்கிறது, மற்ற இரண்டும் வலது என்கின்றன. நாலு பேரும் பொய் சொல்லவில்லை.

ஆக, நான் 2, 3 என்று நடு ஸ்பீக்கருக்கு அனுப்பியது கறுப்பு ஓட்டைக்குப் போனது. கறுப்பில் சொருகியிருந்தது ஹாரனின் ஆம்ப்ளிஃபயர். 4, 5 என்று ஹாரனுக்கு அனுப்பியது ஆரஞ்சு வழியாக நடு ஸ்பீக்கருக்குப் போனது. பேஸ் மட்டும் சரி. அதாவது 120-லிருந்து 1500 ஹெர்ட்ஸ் வரை, மனிதக் குரலின் உடம்பு முழுக்க, அந்த மெல்லிய டைட்டானியச் சவ்வின் தலையில்.

விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி சோதித்துப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். காவலாளித் தாத்தாவுக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று மெதுவாக வைத்துப் பார்த்தேன். சத்தம் வந்தது. ஆறு ஸ்பீக்கரிலும் வந்தது. கொஞ்சம் தகரம் மாதிரி, மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தது. காலி மண்டபம், அப்படித்தான் கேட்கும், நாளைக்குக் கூட்டம் வந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இட்லி சாப்பிடப் போனேன். காது சொன்னதை வாய் மறுத்தது.

மெதுவாக வைத்தால் ஏன் ஒன்றும் ஆகவில்லை, சத்தமாக வைத்தால் ஏன் ஆயிற்று? ஒரு ஸ்பீக்கர் அதே அளவு சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே கொடுக்க வேண்டுமென்றால், அதன் சவ்வு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இரண்டு ஆக்டேவ் என்றால் 16 மடங்கு. மூன்று என்றால் 64 மடங்கு. ஹாரன் டிரைவருக்குள்ளே சவ்வுக்கு நகர இடமே ஒரு மில்லிமீட்டருக்கும் கீழேதான். 1500-க்கு மேலே அது ராஜா. 200 ஹெர்ட்ஸில் அது சுவரில் முட்டிக்கொள்கிற ஈ.

விழா அன்று தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. பிறகு நாதஸ்வரம் ஒலிநாடா, அதாவது ஒலிநாடா என்று அழைப்பிதழில் போட்டிருந்த பென் டிரைவ். நல்ல சத்தமாக வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். தவில் வந்த இடத்தில் ஒரு பக்கம் 'டிக்' என்றது. யாரும் கவனிக்கவில்லை. நானும் தவில் என்றே நினைத்தேன். இன்னொரு பக்கம் வரவேற்புரையில் போனது.

அப்புறம் ஸார் எழுந்து மைக்குக்கு வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவர், கடைசியாக ஒரு தடவை பேச வருகிறார். மகள் வெளியூரிலிருந்து பேரனோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஸார் வாயைத் திறந்தார். வந்தது குரல் இல்லை. ச், ஸ், த் என்று காற்றும், கீழே எங்கேயோ ஒரு உறுமலும். ஹாரன் செத்துப்போனதால் 120-லிருந்து 1500 வரை முழுக்கக் காலி. நடு ஸ்பீக்கரில் 1500-க்கு மேலே உள்ளது மட்டும், பேஸில் 120-க்குக் கீழே உள்ளது மட்டும். மெய்யெழுத்து இருக்கிறது, உயிரெழுத்து இல்லை.

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். ரேக்குக்குப் பின்னாடி ஒரே இருட்டு. ஆறு கறுப்பு ஒயர், ஒன்றிலும் பேர் இல்லை. எது எங்கே போகிறது என்று கையால் தடவிப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே கொத்தாகக் கட்டியிருக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று டேக் போட்டுக் கட்டியதும் நான்தான். வெளியே சலசலப்பு கேட்கிறது. அப்புறம் திடீரென்று சலசலப்பு அடங்கியது. எட்டிப் பார்த்தேன். ஸார் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, படி இறங்கி, நடுவழியில் நின்றுகொண்டு பேசுகிறார். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பேசுவது அவருக்குப் புதுசா என்ன. இருபத்தைந்து நிமிஷம் பேசினார். நான் ரேக்குக்குப் பின்னாலிருந்தே கேட்டேன். வெளியே வரத் தைரியம் இல்லை.

விழா முடிந்து மாலையோடு வந்தார். "எந்த சானல்ப்பா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். "ரெண்டும் மூணும், நாலும் அஞ்சும் மாறிப்போச்சு ஸார்" என்றேன். "பேர் வச்சிருந்தியா?" என்றார். "நம்பர் போட்டிருந்தேன் ஸார்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். திட்டியிருக்கலாம்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது நம் மெஷர்மென்ட்ஸ் லேப் அட்டெண்டர் அண்ணன். ஞாபகம் இருக்கிறதா? சட்டைப் பையில் எப்போதும் ஒரு உருளை வெள்ளைப் பிளாஸ்திரி வைத்திருப்பார், ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டுவது. எந்த ஒயரைக் கண்டாலும் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவார். அதுவும் இரண்டு முனையிலும். "ஒரு முனையில எழுதினா பாதிப் பேர்தான் தம்பி" என்பார். நாங்கள் கிண்டல் பண்ணுவோம். ஆஸிலாஸ்கோப்புக்கு அடிபட்டுப்போச்சு அண்ணே, கட்டுப் போட்டிருக்கீங்க என்போம்.

அவரை வரவழைத்தேன். ஓய்வு பெற்று பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். இரண்டு நாள் வந்து உட்கார்ந்து, எல்லா ஒயரையும் பிரித்துப் போட்டோம். நான் லேபிள் பிரிண்டரோடு போனேன், லெஃப்ட் லோ, லெஃப்ட் மிட், லெஃப்ட் ஹை என்று அடித்து வைத்திருந்தேன். அண்ணன் ஒன்றை எடுத்துப் பார்த்து, "லெஃப்ட்னா மேடையில நிக்கிறவருக்கா, கீழ உக்கார்றவருக்கா?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஏனென்றால் நான் உட்கார்கிறவருக்கு என்று வைத்திருந்தேன். ஆனால் ரேக் இருப்பது மேடைக்குப் பின்னால், வேலை செய்கிறவன் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறான், அவனுக்கு அது வலது. நாடகக் குழு வந்தால் மேடை இடது என்பது நடிகரின் இடது. "மிட்னா நடு ஸ்பீக்கரா, மேடை நடுவுல வைக்கிறதா?" அதுவும் சரியான கேள்வி. "ஹைனா கீச்சா, உசரத்துல இருக்கிறதா?" நான் லேபிள் பிரிண்டரைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அண்ணன் சொன்ன பேர்கள்தான் இன்றைக்கு அங்கே இருக்கின்றன. மண்டபத்துக்கு ஒரு பக்கம் வேப்ப மரம், இன்னொரு பக்கம் ரோடு. நீங்கள் மேடையில் நின்றாலும், கீழே உட்கார்ந்தாலும், தலைகீழாக நின்றாலும் வேம்பு வேம்புதான், ரோடு ரோடுதான். வேம்பு-பேஸ், வேம்பு-நடு, வேம்பு-கீச்சு. ரோடு-பேஸ், ரோடு-நடு, ரோடு-கீச்சு. ஆம்ப்ளிஃபயர் முகப்பில், ஒயரின் இரண்டு முனையில், ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில், கம்ப்யூட்டர் ஃபைலில் எல்லா இடத்திலும் இதே ஆறு பேர். ஃபைலில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், ஆனால் சொல் அதே சொல். ஃபில்டர்களுக்கும் அதே பேர்தான். முன்பு ஃபில்டர் 1, ஃபில்டர் 2 என்று இருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஹாஷ் குறி போட்டு, இந்த எண் எந்த நிற ஓட்டைக்குப் போகிறது, எந்தத் தேதியில் கையால் சொருகிச் சோதித்தோம் என்று குறிப்பு இருக்கிறது.

வேப்ப மரத்தை வெட்டிவிட்டால் என்ன பண்ணுவது என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். வெட்டிய பிறகும் பத்து வருஷத்துக்கு எல்லோரும் அதை வேப்ப மரத்துப் பக்கம் என்றுதான் சொல்வார்கள், பயப்படாதே என்றார் அண்ணன்.

இன்னும் சில விஷயங்கள் சொல்லவேண்டும், வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைக்கிற பிள்ளைகளுக்காக. முதல் இரண்டு சானலில் ஒருநாளும் ட்வீட்டரை மாட்டாதீர்கள். கம்ப்யூட்டர் 'டிங்' என்று அடிக்கிற மணி, தெரியாமல் திறந்த பாட்டு, கிராஸ்ஓவரைத் தாண்டி வருகிற எதுவாக இருந்தாலும் சாதாரணமாக முதல் இரண்டு சானலுக்குத்தான் வரும். அங்கே வூஃபர் இருந்தால் அது ஒரு தடவை கத்திவிட்டுப் போகும், அவ்வளவுதான். இந்த ஒன்றை 2018-லேயே சரியாகச் செய்திருந்தேன். ஏதோ புண்ணியம்.

அடுத்தது, இயங்குதளம் செய்கிற உபகாரம். சினிமாப் பேர் இருப்பதால் அது சினிமா புத்தியோடு நடந்துகொள்ளும். பாட்டு இரண்டே சானல்தானே இருக்கிறது, பாவம் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காதே என்று முன்னால் வருவதை அப்படியே பின் சானலுக்கும் ஊற்றும். விண்டோஸ் அமைப்பில் சில கார்டுகளில் ஸ்பீக்கர் ஃபில் என்று ஒரு டிக் இருக்கும். லினக்ஸில் பல்ஸ் ஆடியோ இருந்தால் ரீமிக்ஸிங் என்று ஒரு வரி. எல்எஃப்இ என்று பேர் வைத்த சானலுக்கு பேஸை மட்டும் வடிகட்டித் தருகிற அமைப்பும் உண்டு. இதெல்லாம் வீட்டுக்கு நல்லது. நம் அமைப்பில் பின் சானல் என்பது ஹாரன், அங்கே முழு பேஸை ஊற்றினால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை. அதனால் அந்த உபகாரிகளையெல்லாம் அணைத்துவிட்டு, கிராஸ்ஓவர் மென்பொருள் நேராக கார்டோடு பேசும்படி வைத்திருக்கிறோம்.

தாமதக் கணக்கிலும் பேர் முக்கியம். ஹாரனின் சவ்வு கூம்பின் அடியில், பெட்டியின் பின்புறம் இருக்கிறது. நடு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் இருக்கிறது. நம் பெட்டியில் வித்தியாசம் சுமார் 17 சென்டிமீட்டர். நம்மூர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும், ஆக அரை மில்லி செகண்ட். 48,000 சாம்பிள் கணக்கில் 24 சாம்பிள். முன்னால் இருப்பதை நாம் தாமதப்படுத்த வேண்டும், அதாவது நடு ஸ்பீக்கரை. சானல் மாறிப்போய் ஹாரனைத் தாமதப்படுத்தினால் அரை என்பது ஒரு மில்லி செகண்டாக ஆகும். எதுவும் எரியாது, யாரும் ஓடிவரமாட்டார்கள், ஆனால் இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒலி மேடும் பள்ளமுமாகிப்போய், ஏதோ சரியில்லையே என்று வருஷக்கணக்கில் புலம்பிக்கொண்டிருப்போம். எரிவதைவிட எனக்கு இதுதான் பயம்.

சோதனைக்கு இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயரின் நுனியில், பேட்டரியில் ஓடுகிற முந்நூறு ரூபாய் ஸ்பீக்கர் ஒன்றைச் சொருகுவோம். ஃபில்டர் எல்லாம் எடுத்துவிட்டு, கடைசி வருஷ மாணவி ஒருத்தி பேசிப் பதிவு செய்த ஆறு சின்ன ஃபைல்கள் இருக்கின்றன. "நான் ரோடு-கீச்சு" என்று சொல்லும். அதை மென்பொருள் வழியாகவே அந்தந்த சானலுக்கு அனுப்பி, நுனியில் ஒட்டியிருக்கிற பேரும் காதில் கேட்கிற பேரும் ஒன்றா என்று பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே ஆறு சானல் ஃபைலாகச் செய்துவைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த ஃபைலைத் திறக்கிற ப்ளேயரே வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டால், பொய்யைப் பொய்யால் சோதித்த மாதிரி ஆகும். ஆறு பேரும் சரியாகச் சொன்ன பிறகுதான் ஃபில்டரைப் போட்டு, சத்தத்தை 40 டெசிபல் இறக்கி, ஆம்ப்ளிஃபயரை ஒன்றொன்றாக ஏற்றுவது. ஹாரன் கடைசி. அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில், கம்ப்யூட்டர் கடைசியில்.

ஹாரனுக்குத் தொடராக 40 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போட்டிருக்கிறோம், துருவமில்லாதது. 8 ஓமுக்கு அது சுமார் 500 ஹெர்ட்ஸில் இருந்து கீழே தடுக்க ஆரம்பிக்கும். அன்றைக்கு இது இருந்திருந்தால் சவ்வு பிழைத்திருக்குமா என்றால், உறுதியாகச் சொல்ல மாட்டேன், 500-க்கு மேலே உள்ளது வந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் ஸ்விட்ச் போடும்போது வருகிற 'தொம்'மையும், டி.சி.யையும், முழு பேஸையும் தாங்கும். ஆக்டிவ் அமைப்பில் கெப்பாசிட்டர் வைப்பது ஒலியைக் கெடுக்கும் என்று சொல்கிற சுத்தக்காரர்கள் உண்டு. நானும் 2018-ல் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். கட்சி மாறிவிட்டேன்.

புதுச் சவ்வு இரண்டையும் என் காசில் வாங்கிப் போட்டேன். சங்கம் தர முன்வந்தது, நான் வாங்கவில்லை. இன்னும் இரண்டு உபரியாக ரேக்கின் அடித்தட்டில் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு உருளை வெள்ளைப் பிளாஸ்திரியும் பேனாவும். ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஆறு பேரும், நிறமும், எண்ணும் அதில் உண்டு.

ஸார் இந்த வருஷம் வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில், வேப்ப மரத்துப் பக்கம். காலையில் மைக் சோதிக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மதியம் இதே மைக்கில் அவர் பேசப்போகிறார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும், எலெக்ட்ரானிக்ஸ் மன்றத்துப் பிள்ளைகள் ஆறு பேரை ரேக்குக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஒரு ஒயர். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, தாளை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களே முதலிலிருந்து சொருக வேண்டும். நான் கை வைக்க மாட்டேன், அட்டெண்டர் அண்ணனும் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். வேறு துறைப் பிள்ளைகளும் வரலாம். வரும்போது ஒரு டார்ச் கொண்டு வாருங்கள், ரேக்குக்குப் பின்னால் இன்னும் பல்பு போடவில்லை.